பதிவேட்டில் தொடங்கும் பரம்பரை

தஞ்சைப் பெரிய கோவிலுக்குச் செல்வோர் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அதன் அடிச்சுவரில் வெட்டப்பட்டிருக்கும் பெயர்களைக் குனிந்து படிப்பவர் சிலரே. 1010-இல் அக்கோவிலைக் கட்டி முடித்த இராசராச சோழன், அங்குப் பணி செய்யப் பல ஊர்களிலிருந்தும் அழைத்து வந்த தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களைக் கல்லில் பொறிக்கச் செய்தான். ஒவ்வொருத்தியும் எந்த ஊரின் எந்தக் கோவிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டவள் என்பது வரை அதில் காணலாம். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்கு என்றும் குறிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1803-இல், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை அதே கோவிலின் சுவரில் மராத்தி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாக எழுதுவித்தார். தாத்தா யார், அவருடைய தாத்தா யார் என்று கேட்டால் சுவரைக் காட்டக்கூடிய குடும்பம் அது.

அதே கோவிலின் சோழர் கல்வெட்டுகளில் வேறொரு பகுதியும் உண்டு. கோவிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை அளந்து, வரி விதிக்க இயலாத பகுதிகளைக் கழிக்கும் கணக்கு அது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனக் கழிவுகள் வரிசையாக வருகின்றன. வேலியின் நுண்ணிய கூறுகள் வரை நிலம் அளக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சேரியில் வாழ்ந்த ஒருவருடைய பெயரும் அங்கே இல்லை.

காவிரிப் படுகையிலுள்ள நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் வேர்கள் இந்தச் சேரிகளிலும், அவற்றை அடுத்திருந்த உழுகுடிகளின் தெருக்களிலும் உள்ளவை. ஆதலின், 'என் முன்னோர் யாவர்?' என்னும் கேள்வியை நம்மில் ஒருவர் எழுப்பும்போது, அவர் முதலில் சந்திப்பது தம் குலத்தின் பெருமையையோ சிறுமையையோ அன்று. யாருடைய முன்னோர் எழுதப்பட்டனர், யாரால், எதற்காக எழுதப்பட்டனர் என்பதையே அவர் முதலில் சந்திக்கிறார்.

நிலம் உடையோருக்கு முன்னோர் எளிதில் கிடைப்பர். மிராசு உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. பங்கு பிரித்தால் பத்திரம் வேண்டும். வழக்காடினால் வம்சாவளி காட்ட வேண்டும். மராட்டியர் கால நிர்வாகம் மோடி எழுத்தில் எழுதி வைத்த ஆவணங்கள் கட்டுக்கட்டாக இன்றும் உள்ளன. அந்த நிலத்தில் உழைத்தவருக்கு என்ன ஆவணம் இருந்தது? சில சமயங்களில் அடிமை ஓலை இருந்தது. அதிலும் பெயர் உண்டு. ஆனால் விற்கப்பட்ட பொருளின் பெயராக. அடிமையுடைமையைச் சட்டம் ஏற்காது என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் கூறியது. ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்பது 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் உறுதியாயிற்று. பண்ணையாள் என்ற சொல்லோ அதன் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று 1952-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சான்று.

இத்தகைய குடும்பம் ஒன்றில், தனி மனிதராக, தந்தை பெயருடனும் தாய் பெயருடனும் ஒருவர் முதன்முதலாக எழுதப்பட்ட இடம் பெரும்பாலும் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடே.

அப்பதிவேட்டின் பிறப்பிடம் வெகு தொலைவில் உள்ளது. மறைவான திருமணங்களால் விளைந்த குழப்பங்களைத் தீர்க்க விரும்பிய திரிதெந்தின் பொதுச்சங்கம், 1563 நவம்பரில், ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஞானப் பெற்றோரின் பெயர்களை எழுதி வைக்கவும் ஆணையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இதனை விரிவாக்கி, ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கும், பங்கிலுள்ள ஆன்மாக்களின் நிலையைக் குடும்பம் குடும்பமாகக் குறிப்பதற்கும் என ஐந்து ஏடுகளை வகுத்தது. ஒருவன் யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்று அறிவதே இவற்றின் நோக்கமாக இருந்தது. வம்ச வரலாறு எழுதுவது எவர் எண்ணத்திலும் இல்லை.

ஆனால் சட்டம் வந்தவுடன் நம் ஊர்களில் ஏடு வந்துவிடவில்லை. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களிடையேயும் தடையின்றிப் பழகும் பொருட்டு, 1640 முதல் இயேசு சபையாரில் ஒரு பிரிவினர் பண்டாரசாமிகளாக உடைமாற்றம் பெற்றனர். தஞ்சைப் பகுதியில் வேதம் பரவியதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இவர்கள் ஓரிடத்தில் தங்காமல் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். அரசின் சினத்துக்கு அஞ்சி இரவில் திருப்பலி நிறைவேற்றிய காலங்களும் உண்டு. 1701-இல் மன்னர் ஷாஜி காலத்தில் தஞ்சை நாட்டில் கிறிஸ்தவர்கள் கடுந்துன்பத்துக்கு உள்ளாயினர். இத்தகைய சூழலில் எழுதப்பட்டவை ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஆண்டு மடல்கள். அம்மடல்கள் இவ்வாண்டு இத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று எண்ணிக்கை சொல்லும். பெயர் சொல்வது அரிது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் குருவின் முகத்தையே காணவில்லை. அக்காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்து, சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகளுக்குத் தண்ணீர் வார்த்து, மக்களை ஒன்றாக வைத்திருந்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுடைய நினைவுதான் அன்றைய பதிவேடு. அவர்கள் இறந்தபோது அதுவும் போயிற்று.

'எங்கள் குடும்பம் அருளானந்தர் கையால் ஞானஸ்நானம் பெற்றது' என்று சொல்லாத பழைய கத்தோலிக்கக் குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அருளானந்தர் 1673-இல் இந்தியாவுக்கு வந்து, 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் மறைசாட்சியாக உயிர் நீத்தவர். அந்தக் கூற்று சில குடும்பங்களைப் பொறுத்தவரை உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அதனை ஏடு கொண்டு நிறுவுவது ஏறக்குறைய இயலாத காரியம். வாய்மொழி மரபு புனிதரின் பெயரை மட்டும் காப்பாற்றிவிட்டு, அவரிடம் தலைகுனிந்த பாட்டியின் பெயரை விட்டுவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆக, தேடல் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அங்கும் ஒரு சிக்கல். போர்த்துகல் அரசனின் ஞானாதிக்க உரிமையின்கீழ் இருந்த மயிலாப்பூர் மறைமாவட்டக் குருக்கள் ஒருபுறமும், உரோமை மறைபரப்புப் பேராயம் அனுப்பிய குருக்கள் மறுபுறமும் ஒரே வட்டாரத்தில் பணியாற்றினர். ஒரே ஊரின் இரு தெருக்கள் இரு வேறு கோவில்களைச் சார்ந்திருந்ததும் உண்டு. 1886-ஆம் ஆண்டின் உடன்படிக்கை இச்சிக்கலைப் பெரிதும் குறைத்தது. 1928-இல் செய்துகொண்ட ஒப்பந்தமே இரட்டை ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. இதற்கிடையில், புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்துக் கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இல் அமைக்கப்பட்டது. மயிலாப்பூரிலிருந்து பிரித்துத் தஞ்சை மறைமாவட்டம் 1952-இல் அமைக்கப்பட்டது. ஆகவே, நான்கு கல் இடைவெளியில் உள்ள இரு பங்குகளில் ஒன்றின் பழைய ஏடு போர்த்துகீசிய மொழியிலும், மற்றொன்றின் ஏடு இலத்தீனிலோ பிரெஞ்சு நெடி வீசும் எழுத்துக்கூட்டலிலோ இருந்தால் வியப்படைய வேண்டாம். குடும்பம் இடம் மாறாமலே பங்கும் மறைமாவட்டமும் மாறியிருக்கக்கூடும். தம் ஊர் இன்று எந்தப் பங்கில் உள்ளது என்று பார்ப்பதைவிட, கொள்ளுப்பாட்டனார் காலத்தில் எந்தப் பங்கின் கிளைக்கிராமமாக இருந்தது என்று விசாரிப்பதே முதல் வேலை.

ஏட்டைத் திறந்தபின் பெயர்கள் நம்மைத் தடுமாறச் செய்யும். சின்னப்பன் அங்கே பவுல் ஆகிவிடுவான். இராயப்பன் பேதுரு ஆவான். அருளப்பன் யோவான் ஆவான். சவரிமுத்து சவேரியார் என்ற பெயரின் இலத்தீன் வடிவில் மறைந்திருப்பான். வீட்டில் வழங்கிய பெயர் ஏட்டில் இராது; ஏட்டிலுள்ள பெயரை ஊரில் எவரும் அறியார். குடும்பப் பெயர் என்பது நம் வழக்கமன்று. மாறாக, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. எனவே அந்தோணிமுத்து மகன் சவரிமுத்து, அவன் மகன் அந்தோணிமுத்து, அவன் மகன் சவரிமுத்து என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுக்கு மாறி மாறி வரும். பங்காளி வீடுகளில் பாட்டன் பெயர் தாங்கிய பேரன்மார் மூவர் ஒரே காலத்தில் இருப்பர். ஆண்டையும் தாயின் பெயரையும் துணைகொண்டே இவர்களைப் பிரித்தறிய முடியும். ஆண்வழியை மட்டும் தேடுவோர் இங்கே தவறாமல் வழி தவறுவர்.

தாயின் பெயர் இன்னொரு வகையிலும் இன்றியமையாதது. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்பது அக்காலத்துக் கண்டிப்பு. ஆகவே மூத்த பிள்ளையின் பெயர் தாயின் பங்கு ஏட்டிலும், அடுத்த பிள்ளைகளின் பெயர்கள் தந்தையின் பங்கு ஏட்டிலும் இருப்பது இயல்பு. 'எங்கள் தாத்தாவின் பெயர் மட்டும் ஏட்டில் விடுபட்டிருக்கிறது' என்று சோர்ந்து திரும்பியவர்கள் பலர், அவருடைய தாய் பிறந்த ஊரின் கோவிலுக்குச் சென்று பார்ப்பது நல்லது.

1908-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து மற்றொரு வசதி ஏற்பட்டது. திருமணம் எங்கு நடந்தாலும் அச்செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அங்குள்ள ஏட்டின் ஓரத்தில் எழுத வேண்டும் என்ற விதி அன்று முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஓரக் குறிப்பால் ஒரு பெண் எங்கே போனாள் என்பது தெரிய வருகிறது. பிற ஆவணங்களில் மணமாகிச் சென்ற மகளின் சுவடு அழிந்துவிடும்; இங்கே ஒரு சிறு எழுத்து வரியாகத் தங்கியிருக்கும்.

என் கருத்தில் எல்லாவற்றையும்விட வளமான ஆவணம் ஒன்று உண்டு. அதைத் தேடுவோர் அரிதாகவே நாடுகின்றனர். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணப்பது நமக்கு உரிமை. திருச்சபைச் சட்டத்துக்கோ அது இரத்த உறவுத் தடை. 1215-இல் நடந்த நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் முதல் நான்காம் தலைமுறை வரையும், 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு முதல் மூன்றாம் தலைமுறை வரையும் இத்தடை நீடித்தது. முறைப்பெண்ணை மணக்க வேண்டுமானால் விலக்குப் பெற வேண்டும். விலக்குப் பெற, மணமக்கள் இருவரும் எந்த மூதாதையரிடமிருந்து பிரிந்து வந்தனர் என்று கிளை வரைந்து காட்ட வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டதும் இதற்காகவே. எழுத்தறியாத கிழவி ஒருத்தி திண்ணையில் அமர்ந்து, இன்னாள் இன்னாளுக்கு என்ன உறவு என்று சொல்லச் சொல்ல, உபதேசியார் அதைக் கொண்டுபோய்க் குருவிடம் கொடுத்திருப்பார். உரோமைச் சட்டமும் தமிழர் உறவுமுறையும் ஒன்றோடொன்று இணங்க மறுத்ததால், நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கும் வம்சாவளி எழுதப்பட்டது. பங்கு அலுவலகத்தில் திருமண ஏட்டோடு விலக்கு மனுக்களின் கட்டு இருக்கிறதா என்று பணிவோடு கேட்டுப் பார்க்கலாம். அக்கட்டுகளைப் பார்த்தால், நம் குடும்பம் மேலே போகப்போக விரியும் மரமாக இராமல், தலைமுறைக்கு ஒருமுறை தன்னுள்ளேயே முடிச்சிட்டுக்கொள்ளும் பின்னலாக இருப்பது புலப்படும். பதினாறு எள்ளுப்பாட்டன் பாட்டிமாரைத் தேடிப் போனவருக்குப் பத்துப் பேர் கிடைத்தால் கணக்கில் பிழையில்லை.

அந்த முடிச்சுகளுக்கு வேறு பெயர் சாதி. சில ஏடுகளில் சாதி வெளிப்படையாகவே எழுதப்பட்டது. ஆலயத்தில் தனி இடம், தனிக் கல்லறை என்ற கொடுமைகளின் எழுத்து வடிவம் அது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் பற்றிய வழக்கில் இறுதித் தீர்ப்பு அளித்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனியே குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு அதில் இடம்பெற்றது. அது கருணையின் பெயரால் வந்த பிரிவினை என்றே நான் கருதுகிறேன். இன்று தம் சாதியின் தொன்மையை நிறுவ முன்னோரைத் தேடுவோரும் உளர். அவர்கள் உயிரியல் சொல்வதையும் கேட்க வேண்டும். ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய இந்திய மக்கட் பிரிவினர் பெரும்பாலோர் இரு பழங்குடித் தொகுதிகளின் கலப்பால் உருவானவர்கள். அக்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்தது. அதன் பின்னரே உள்மணக் கட்டுப்பாடு இறுகியது. கலக்காத இரத்தம் என்று எவரும் மார்தட்ட இடமில்லை.

ஏடுகளில் திடீரென்று ஒருவர் மறைந்துவிடுவார். இறப்புப் பதிவில் இல்லை. திருமணப் பதிவில் இல்லை. தஞ்சைத் தரணியில் இத்தகைய மறைவுக்குப் பொதுவான காரணம் கடல். நெல் விளையும் நாட்டிலிருந்து ஏன் போனார்கள் என்று பிற மாவட்டத்தார் கேட்பதுண்டு. நெல் விளைந்த நிலம் அவர்களுடையது அன்று என்பதே விடை. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கும், பிரெஞ்சுக்காரரின் காரைக்காலிலிருந்து ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும், சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரீசியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் அவர்கள் சென்றனர்.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் 'துரூரோ', 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது. அதில் சென்றோர் 342 பேர். 1911 வரை இவ்வாறு சென்றோர் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து சென்றவர்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று கட்டங்கள் இருந்தன; உடலிலுள்ள அடையாளத்துக்கும் ஒரு கட்டம். தோட்டத்திலிருந்து ஓடினால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட பட்டியல் அது. இன்று அதன் படிகளை டர்பனிலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் பாதுகாக்கிறது. கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடும் ஐந்தாம் தலைமுறையினர் நம்பியிருப்பதும் அதைத்தான். உழைப்பாளியின் பெயரை எழுதிய இரு ஏடுகளில் ஒன்று அவன் ஆன்மாவுக்காகவும், மற்றது அவன் உடலுக்காகவும் எழுதப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நம் காலத்தவருக்கே கிடைத்திருக்கிறது. கப்பல் பட்டியலில் நம்மவர் சிலருக்குச் சாதிக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஆலய ஏடு மறக்காததை, அதைப் பற்றிக் கவலைப்படாத குமாஸ்தா மறந்துவிட்டார்.

பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும் என்றது அந்நாட்டு வழக்கம். தந்தையின் பெயரே குலத்தின் பெயராயிற்று. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவரின் குடும்பப் பெயரைக் கேட்டாலே நமக்கு விளங்கும். தீவில் பிறந்த இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்று சொல்லப்பட்டதை எதிர்த்து அவர் 1904-இல் போராடத் தொடங்கினார்; 1923-இல்தான் வென்றார். கடலின் இக்கரையில், பிரெஞ்சு இந்தியாவில், 1881 செப்டம்பர் 21-ஆம் நாளைய ஆணை, தம் பழைய தனிநபர்ச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வழி செய்தது. புதுச்சேரியில் காலணியுடன் நீதிமன்றம் செல்லும் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லாபோர்த் என்ற பெயரை ஏற்றார். இத்தகைய குடும்பத்தின் கிளையைத் தேடுவோர் அந்த ஆண்டில் ஒரு கதவு மூடி மற்றொன்று திறப்பதைக் காண்பர். அதற்கு முன் தந்தை பெயர், அதற்குப் பின் பிரெஞ்சுப் பெயர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர் நிலை இதனினும் வேறு. கங்காணி முறையில் சென்றவருக்கு ஒப்பந்தமும் இல்லை. ஒவ்வொருவரையும் விரிவாகக் குறித்த பட்டியலும் இல்லை. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுகையில் கடன் எவ்வளவு என்று குறிக்கும் 'துண்டு' இருந்தது. 1921-இல் அதுவும் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ நிறுவினால்தான் அங்குப் பிறந்த ஒருவன் குடிமகன். தந்தையின் பிறப்பைப் பதிவு செய்யாத தோட்டத்தில் முப்பாட்டனின் பிறப்புக்குச் சான்று எங்கே கிடைக்கும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் அவர்களைப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடிக் காணாத குருக்குலத்தார் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். முன்னோரைத் தேடுவது முதுமையின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், மலையகத் தமிழர் ஒருவரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் பதிவேடு எப்போதும் துணையாக நிற்பதில்லை. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெளியான பட்டியல் சாதியினர் ஆணை, இந்துக்கள் அல்லாதோரை அப்பட்டியலிலிருந்து விலக்கியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் மதம் மாறிய தாழ்த்தப்பட்டோர் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடப்படுகின்றனர். இதை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஓர் ஆணையம் அமைத்தது. பள்ளியில் ஒரு பெயரும் கோவிலில் ஒரு பெயருமாகப் பிள்ளைகளை வளர்த்த வீடுகளை நாம் அறிவோம். 2024 நவம்பர் 26-இல், புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கு, அவருக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாயிற்று. பாட்டனுக்கு முதன்முதலில் ஒரு பெயரையும் மனிதன் என்ற மதிப்பையும் தந்த அதே வகை ஏடு, பேத்தியின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. சேரியில் பிறந்ததற்கான துன்பம் மட்டும் திருமுழுக்கால் கழுவப்படவில்லை என்பதை அந்த நீதிமன்றத்துக்கு வெளியே உள்ள எல்லாரும் அறிவர். தம் குடும்பத்தின் ஏட்டைத் தேடிப் போகும் இளைஞர் சிலர், கண்டெடுத்ததை யாரிடமும் சொல்லாமல் திரும்புவதற்கு இது காரணமாக இருக்கலாம். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஏடுகளின் நிலையும் கவலைக்குரியது. கறையான், மழை ஒழுக்கு, அமிலம் மிகுந்த மை, பங்கு பிரிக்கும்போது கைமாறி நின்றுவிட்ட பிரதிகள் என்று பகைகள் பல. ஆயர் இல்ல ஆவணக் காப்பகத்துக்கு ஆண்டுதோறும் இரண்டாம் படி அனுப்பும் பழக்கம் உள்ள இடங்களில் இழப்பு குறையும். படம் எடுத்து வைப்பது இன்று எளிது. அதற்கான செலவு, ஆலயத் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவைவிடக் குறைவு. அதற்குமுன், எண்பது வயதைக் கடந்த நம் வீட்டுப் பெரியவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், பெயர்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும். ஆண்கள் நிலத்தை எண்ணுவார்கள். உறவை எண்ணத் தெரிந்தவர்கள் அவர்களே.

கடல் கடந்தவரின் வழித்தோன்றல்கள் இப்போது நம் ஊர்களுக்கு வருகிறார்கள். கையில் கப்பல் பட்டியலின் ஒரு தாள் இருக்கும். ஜில்லா தஞ்சாவூர் என்பது தெளிவாக இருக்கும், தாலுகாவும் ஊகிக்கக்கூடியதே. ஊர்ப் பெயர்தான் புதிர். தமிழ் அறியாத குமாஸ்தா, காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருப்பார். குடி, மங்கலம், நல்லூர், பட்டி என்று முடியும் ஊர்கள் நம்மிடம் நூற்றுக்கணக்கில் உள்ளன. போனவர் சொன்னது வருவாய்க் கிராமத்தின் பெயரா, அதன் ஓரத்திலிருந்த தெருவின் பெயரா, புனிதரின் பெயரால் மக்கள் தாங்களே வழங்கிய குடியிருப்பின் பெயரா என்பது வரைபடத்தால் விளங்காது. பங்குத்தந்தையும் அண்மையில் மாற்றலாகி வந்தவராக இருப்பார். அந்தத் தாளை உரக்கப் படிக்கக் கேட்டு, 'வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முன்பு அப்படி ஒரு தெரு இருந்தது' என்று சொல்லக்கூடியவர், நடவும் அறுப்புமாக அப்பகுதியில் வாழ்ந்த முதியவர் ஒருவரே. அடையாளக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் அவரிடம் படித்துக் காட்டலாம். கருக்கரிவாள் பிடித்து நெல் அறுத்தவரின் இடக்கையில் எங்கே தழும்பு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.